நாலு டிஸ்க்கில் ஐடா லுபினோ: காசு கொடுத்து வாங்கலாமா?

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அந்த அம்மாவைப் பற்றி அப்புறம். அமெரிக்காவில் பழைய படங்களைத் தேடிப்பிடித்து சுத்தம் செய்து வெளியிடும் கினோ லார்பர் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த ப்ளூ-ரே தொகுப்பு இது. ஐடா லுபினோ இயக்கிய நாலு படங்கள், ஆளுக்கொரு டிஸ்க், கூடவே ஒரு சின்னப் புத்தகம். 'நாட் வான்டட்' (1949), 'நெவர் ஃபியர்' (1950), 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953), 'தி பிகமிஸ்ட்' (1953). எல்லாமே கறுப்பு வெள்ளை, எதுவும் ஒன்றரை மணி நேரத்தைப் பெரிதாகத் தாண்டாது. எனக்கு வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. விற்ற ஆன்லைன் கடைக்காரரிடம் கேட்டதற்கு டிஸ்க் ஓடுகிறதல்லவா என்று திருப்பிக் கேட்டார். ஓடுகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

லுபினோவைத் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 1918-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஸ்டான்லி லுபினோ மேடை நகைச்சுவை நடிகர், அம்மா கோனி எமரால்டும் நடிகை, சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மேடையில்தான் சோறு தின்றார்கள். பதினைந்து வயதில் ஹாலிவுட்டுக்கு வந்தார். தலைமுடியை வெளுத்து, அப்போதைய வெளிர்பொன் கூந்தல் நட்சத்திரமான ஜீன் ஹார்லோ மாதிரி இன்னொருவர் ஆக்கப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 1934-இல் போலியோ வந்து பிழைத்தார். நாற்பதுகளில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் ஹம்ப்ரி போகார்ட்டோடு நடித்த 'ஹை சியர்ரா' டைட்டிலில் போகார்ட்டுக்கு மேலே இவர் பெயர்தான் வரும். 'தி ஹார்ட் வே' படத்துக்கு நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள், ஆஸ்கர்காரர்கள் கடைசி வரை ஒரு நாமினேஷன்கூடக் கொடுக்கவில்லை. அதே ஸ்டூடியோவின் பெரிய நடிகை பெட் டேவிஸ் வேண்டாம் என்று தள்ளிய வேடங்கள்தான் தன் பக்கம் வருகின்றன என்பதால் தன்னையே 'ஏழைகளின் பெட் டேவிஸ்' என்று கிண்டல் செய்துகொள்வார்.

இதில் எனக்குச் சுவாரசியமான இடம் இவர் வேடங்களை மறுத்த காலம்தான். அந்தக் கால ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் கொடுத்த வேடத்தை வேண்டாம் என்று சொன்னால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள், சம்பளம் கிடையாது, வேறு கம்பெனியிலும் நடிக்க முடியாது. மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து வக்கீலுக்கு போன் போட்டபோது இவர் செட்டுக்குப் போய் கேமராமேன் என்ன செய்கிறார், எடிட்டிங் மேஜையில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 1947-இல் வார்னரை விட்டு வெளியே வந்தார். அடுத்த வருடம் காலியர் யங் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்குப் பெயர் 'தி ஃபிலிமேக்கர்ஸ்'. பெரிய நட்சத்திரம் கிடையாது, பெரிய செட் கிடையாது, ஸ்டூடியோக்கள் தொடப் பயந்த விஷயங்கள்: கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண், போலியோ, வன்புணர்ச்சி, இரண்டு கல்யாணம் செய்துகொண்ட ஆள். அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தில் டாரதி ஆர்ஸ்னருக்கு அடுத்ததாகச் சேர்ந்த இரண்டாவது பெண் இவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் தொடர்ந்து படம் இயக்கிக்கொண்டிருந்த பெண் என்று பார்த்தால் இவர் ஒருவர்தான்.

சரி, படங்களுக்கு வருவோம். டிஸ்க் வரிசைப்படி பார்க்காதீர்கள். 'ஹிட்ச்-ஹைக்கர்' முதலில் போடுங்கள்.

எழுபத்தோரு நிமிஷம், கார், துப்பாக்கி, மூன்று ஆண்கள், பாலைவனம். அவ்வளவுதான் படம். மீன் பிடிக்கக் கிளம்பிய இரண்டு நண்பர்கள் (எட்மண்ட் ஓ'பிரையன், ஃபிராங்க் லவ்ஜாய்) வழியில் கை காட்டிய ஒருவனை ஏற்றிக்கொள்கிறார்கள், அவன் ஏற்கெனவே சிலரைக் கொன்றுவிட்டு வந்தவன், இனிமேல் மெக்சிகோ முழுக்க அவன் சொன்ன இடத்துக்கு ஓட்ட வேண்டும். நிஜக் கதைதான். பில்லி குக் என்பவன் 1950 கடைசியிலும் 1951 தொடக்கத்திலுமாக ஆறு பேரைக் கொன்றான், இரண்டு பேரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு மெக்சிகோவுக்குள் போனான், அங்கே பிடிபட்டான், 1952 டிசம்பரில் சான் குவென்டின் சிறையில் தூக்கிலிடுவதற்குப் பதிலாக விஷவாயு அறையில் கொன்றார்கள். லுபினோ அந்தப் பிணைக்கைதிகளை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் படத்தில் இறங்கினார். தணிக்கைக்காக குற்றவாளியின் பெயரையும் மாற்றி, கொலைகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள்.

தொடக்கத்தில் கொலைகாரனின் முகமே காட்ட மாட்டார்கள். காலணி, நடக்கிற கால்கள், நிற்கிற கார், அப்புறம் கீழே விழும் கைப்பை, அவ்வளவுதான். நண்பர்களின் காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்த பிறகும் முகம் இருட்டில்தான் இருக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள், பதில் சரியாக வரவில்லை, முதலில் துப்பாக்கி வெளிச்சத்துக்கு வருகிறது, பிறகு மெல்ல முன்னால் சாய்கிறான், வில்லியம் டால்மனின் முகம் இருட்டை விட்டு வெளியே வருகிறது. ஒளிப்பதிவு நிக்கோலஸ் மூசுராகா, நிழலை வைத்தே பிழைப்பு நடத்திய ஆள். யூடியூபில் கிடைக்கும் மங்கல் பிரிண்டில் இந்த இடம் வெறும் கறுப்புச் சேறாகத்தான் தெரியும், ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள் என்றே புரியாது. இந்த டிஸ்க்கில் இருட்டுக்குள் இருட்டு தெரிகிறது. பெட்டிக்குக் கொடுத்த காசில் பாதி இந்த ஒரு காட்சியிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

அவனுக்கு வலது கண் இமை மூடாது. இது குக்கிடம் இருந்தே எடுத்த விவரம். ராத்திரி மூன்று பேரும் போர்வை போர்த்திப் படுத்திருக்கும்போது அவன் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று இவர்களுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. வசனமே இல்லாமல் ஒரு முகத்தை வைத்து இவ்வளவு பதற்றம் உண்டாக்கியிருப்பதைப் பார்க்கும்போது, இந்த அம்மா செட்டில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

ஆனால் இது வெறும் பதற்றப் படமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அந்த இரண்டு நண்பர்களும் சாதாரணக் குடும்பஸ்தர்கள், போரைப் பார்த்த தலைமுறை, படத்தில் பாதி நேரம் கையாலாகாமல் நிற்கிறார்கள். கொலைகாரன் அவர்களைச் சீண்டுகிறான்: தனித்தனியாக இருந்திருந்தால் ஒருவனாவது எப்போதோ தப்பித்திருப்பீர்கள், ஒருத்தனை நினைத்து ஒருத்தன் நின்றதால்தான் மாட்டிக்கொண்டீர்கள் என்கிறான். உண்மைதான், தப்பிக்க வாய்ப்பு வரும் இடங்களில் எல்லாம் அடுத்தவன் என்ன ஆவான் என்ற யோசனைதான் கையைப் பிடிக்கிறது. அந்தக் காலத்து ஆண் இயக்குநர்கள் இந்தக் கதையை எடுத்திருந்தால் நண்பர்களில் ஒருவன் மூன்றாவது ரீலில் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். லுபினோ அவர்களை அழவிடுகிறார், நொண்டவிடுகிறார், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து நடக்கவிடுகிறார். பெண் பாத்திரமே ஏறக்குறைய இல்லாத படம், ஆண்மை என்று எதைச் சொல்கிறோம் என்பதை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த படம் அந்தக் காலத்தில் குறைவு.

தகர டப்பா காட்சி ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட மனசில்லை. ஒரு நண்பன் கையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும், இன்னொரு நண்பன் அதைக் குறிபார்த்துச் சுட வேண்டும், இதுதான் அவனுக்கு விளையாட்டு. சுடுகிறவன் முகத்தைத்தான் லுபினோ அதிகம் காட்டுகிறார், டப்பாவை அல்ல.

இன்னொன்று, மெக்சிகோக்காரர்களைக் காட்டியிருக்கும் விதம். அவர்கள் ஸ்பானிஷில் பேசுகிறார்கள், கீழே எழுத்துப் போட்டு விளக்கவில்லை, கொலைகாரனுக்கும் புரியவில்லை, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கத்துகிறான். மெக்சிகோ போலீஸ் அதிகாரி நிதானமான, வேலை தெரிந்த மனுஷனாக வருகிறார். 1953 அமெரிக்கப் படத்தில் இது அபூர்வம். படம் எடுத்தது என்னவோ கலிபோர்னியாவின் அலபாமா ஹில்ஸ் பாறைக்காட்டில்தான், மெக்சிகோ என்று நம்ப வைத்துவிட்டார்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால் முடிவு. அவ்வளவு நேரம் இறுக்கிக் கட்டியதைக் கடைசியில் சட்டென்று அவிழ்த்துவிடுகிறார்கள். பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1998-இல் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள், அதனால் முடிவு நன்றாக ஆகிவிடாது.

அடுத்து 'பிகமிஸ்ட்'. எனக்கு இந்தப் பெட்டியிலேயே பிடித்த படம் இதுதான், ஊரெல்லாம் 'ஹிட்ச்-ஹைக்கர்' என்றாலும் சரி.

ஹாரி கிரஹாம் (மறுபடி எட்மண்ட் ஓ'பிரையன்) ஃப்ரீஸர் விற்கிறவன். சான் ஃபிரான்சிஸ்கோவில் மனைவி ஈவ் (ஜோன் ஃபோன்டெய்ன்), குழந்தை இல்லை, தத்தெடுக்க விண்ணப்பிக்கிறார்கள். விசாரிக்க வரும் பெரியவருக்கு ஏதோ இடிக்கிறது, தேடிக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் போகிறார், அங்கே ஹாரி இன்னொரு வீட்டில் இருக்கிறான், உள்ளே குழந்தை அழுகிறது. அந்த இரண்டாவது மனைவி ஃபிலிஸ், சீன உணவகத்தில் பரிமாறுகிறவள், அந்த வேடத்தில் லுபினோவே நடித்திருக்கிறார். தன் படத்தில் தன்னைத்தானே இயக்கியது இதுதான் முதல் தடவை.

இதில் திரைக்குப் பின்னால் இருக்கிற கதை படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். திரைக்கதை காலியர் யங். அவர் லுபினோவின் முன்னாள் கணவர், 1951-இல் விவாகரத்து ஆகிவிட்டது. படம் எடுத்தபோது அவருடைய மனைவி யார் என்றால், முதல் மனைவி ஈவாக நடிக்கும் அதே ஜோன் ஃபோன்டெய்ன். அதாவது ஒரே ஆளின் முன்னாள் மனைவியும் இந்நாள் மனைவியும் ஒரே ஆளின் இரண்டு மனைவிகளாக நடிக்கிறார்கள், எழுதியது அந்த ஆள், இயக்கியது முன்னாள் மனைவி. நம் ஊர் பத்திரிகைகள் கையில் இது கிடைத்திருந்தால் ஒரு வருஷம் அட்டைப்படம் போட்டிருப்பார்கள். இவ்வளவு இருந்தும் படத்தில் பழிவாங்கல் வாசனையே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

லுபினோவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், நாலு படத்திலும் இருக்கிறது. இவர் யாரையும் வில்லனாக்க அவசரப்படுவதில்லை. ஒரு அடி விழுந்த பிறகு மனுஷர்கள் மறுநாள் காலை எப்படி எழுந்து நடக்கிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹாரி செய்தது தப்பு, சட்டப்படி குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர் தெரியாத ஊரில் ஹோட்டல் அறையில் உட்கார முடியாமல் நட்சத்திரங்களின் வீடுகளைச் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் ஏறி உட்காரும் விற்பனைப் பிரதிநிதியை அவர் கேலி செய்யவில்லை. பக்கத்து வரிசையில் ஃபிலிஸ் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் நட்சத்திர வீடுகளில் ஆர்வம் இல்லை, காலாற உட்கார்ந்து பஸ்ஸில் போவது பிடிக்கும், அவ்வளவுதான். வழிகாட்டி யார் யாருடைய வீடு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போக, இவர்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் பேசிக்கொள்கிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றாக நடிகர் எட்மண்ட் க்வென்னின் வீட்டையும் காட்டுவார்கள், தத்தெடுப்பு அதிகாரியாக நடிப்பதே அவர்தான், குறும்பு.

லுபினோவின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிலிஸ் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. ஊர் என்ன, வீடு எங்கே, கல்யாணமானவனா, ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் போய்விடுவான் என்ற பயத்தை வசனமாகச் சொல்லாமல், அவன் பேசத் தொடங்கும்போது முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்வதில் வைத்திருக்கிறார். கடைசி நீதிமன்றக் காட்சியில் நீதிபதி சொல்வதையும் கவனியுங்கள்: அவளை ரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால் ஊர் கண்டும் காணாமல் இருந்திருக்கும், தாலி கட்டியதால்தான் இங்கே நிற்கிறான் என்ற அர்த்தத்தில் போகும் பேச்சு. தாலி என்பது நான் போட்டது, அவர்கள் ஊரில் மோதிரம். சின்ன வீடு கதைகளைச் சிரித்துக்கொண்டே பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் படம் கொஞ்சம் நெருடும். இரண்டு பெண்களும் நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், சண்டை இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. அவன் யாரிடம் திரும்புவான் என்பதையும் சொல்லாமலே முடித்துவிட்டார்.

அதே 1953-இல் சென்னையில் பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியில் இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தும் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சும்மா, ஒரே வருஷம் என்பதால் ஞாபகம் வந்தது. பானுமதியிடம் கணவரோடு சேர்ந்து நடத்திய பரணி படக் கம்பெனி இருந்தது. லுபினோ கம்பெனியின் கையில் இருந்ததோ சொற்பம்.

அந்தச் சொற்பத்தை எப்படிச் செலவு செய்தார்கள் என்பதையும் 'பிகமிஸ்ட்'டில் நேரடியாகப் பார்க்கலாம். தெருவில், பூங்காவில், நிஜக் கட்டிடங்களில் எடுத்தால் செட் செலவு மிச்சம். பிராண்ட் பெயர்கள் கண்ணில் படும்படி வைத்தால் அந்தக் கம்பெனிகளிடமிருந்து ஏதாவது வரும், இன்றைக்கு எல்லாப் படத்திலும் செய்வதை இவர்கள் அப்போதே செய்திருக்கிறார்கள். இதற்கு முந்தைய சில படங்களை ஹோவர்ட் ஹியூஸின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விநியோகித்தது. அதில் வருமானம் ஒழுங்காக நிற்கவில்லை என்று 'பிகமிஸ்ட்'டை இவர்களே விநியோகிக்கப் போனார்கள். லுபினோவுக்கு அதில் இஷ்டமில்லை, படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு வியாபாரம் தெரியாது என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கேட்கவில்லை. படம் ஓடவில்லை, கம்பெனியும் கொஞ்ச நாளில் மூடிவிட்டது. பெட்டி வாங்கி டிப்ஸ் எடுக்க நினைக்கும் இளம் இயக்குநர்கள் யாராவது இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள்.

இனி முதல் இரண்டு படங்கள். 'நாட் வான்டட்' டைட்டிலில் இயக்குநர் பெயர் எல்மர் க்ளிஃப்டன் என்று இருக்கும். படப்பிடிப்பு தொடங்கும் நேரத்தில் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது, வேறு ஆளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, தயாரிப்பிலும் திரைக்கதையிலும் இருந்த லுபினோ இறங்கி எடுத்து முடித்தார், பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆக, அவருடைய முதல் படத்தில் அவர் பெயர் இயக்குநராக இல்லை. ஒரு பெண் தெருவில் மேடேறி நம்மை நோக்கி நடந்து வருகிறாள், கண் எங்கேயோ நிலைகுத்தி இருக்கிறது, கடை வாசலில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியில் இருந்து யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொள்கிறாள். அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது கதை. பியானோ வாசிக்கிறவன் ஒருவனை நம்பி ஊரைவிட்டுப் போனவள், கர்ப்பம், ஆதரவற்ற பெண்களுக்கான விடுதி, பெற்ற குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடுகிறாள். சாலி ஃபாரஸ்ட் நடித்திருக்கிறார், லுபினோ கண்டுபிடித்த நடிகை.

பிரசவ அறைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியில் கேமரா அவள் கண்ணாகிவிடுகிறது: மேலே ஓடும் விளக்குகள், குனிந்து பார்க்கும் டாக்டர் முகம், மங்கல். 1949-இல் பிரசவத்தைப் பெண்ணின் பக்கம் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம் வரும், போரில் காலை இழந்து செயற்கைக் காலோடு இருக்கும் காதலன் அவளைத் துரத்திக்கொண்டு தெருத்தெருவாக, பாலத்தின் மேலே ஓடுகிறான், முடியாமல் விழுகிறான். வசனம் கிடையாது. நடுவில் படம் கொஞ்சம் தொய்கிறது, போதனை வாடையும் இருக்கிறது, பியானோக்காரன் பாத்திரம் அரைகுறை (நடித்தவர் லியோ பென், ஷான் பென்னின் அப்பா). ஆனால் தொடக்கமும் முடிவும் போதும். பிரிண்ட் சுமார்தான், அங்கங்கே கீறல், ஒலியில் இரைச்சல், கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

'நெவர் ஃபியர்' பலவீனமான படம், மறைப்பானேன். ஒரு நடனக்காரிக்குப் போலியோ வருகிறது, மறுவாழ்வு மையத்தில் சேர்கிறாள், காதலனை விரட்டிவிடுகிறாள், திரும்ப எழுகிறாள். லுபினோ தானே அனுபவித்த நோய் என்பதால் சாண்டா மோனிக்காவில் இருந்த கபாட்-கைசர் மையத்துக்கே போய் எடுத்தார், அங்கே இருந்த நிஜ நோயாளிகள் படத்தில் வருகிறார்கள். சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே அவர்கள் ஜோடி ஜோடியாக ஆடும் நடனம் ஒன்று இருக்கிறது, அதில் ஆவணப்படமும் சினிமாவும் எங்கே பிரிகிறது என்று தெரியாது. காதல் பகுதி மட்டும் அரதப்பழசு. காதலனாக வரும் கீஃப் பிரேசல் அழும்போதெல்லாம் நான் ரிமோட்டைத் தேடினேன்.

கூடுதல் சமாச்சாரங்கள்: படத்தோடு கேட்கக்கூடிய விமர்சகர் உரைகள் இருக்கின்றன. 'ஹிட்ச்-ஹைக்கர்' உரை இமோஜன் சாரா ஸ்மித் பேசியது, தகவலும் உண்டு, ரசனையும் உண்டு, இன்னொரு முறை படத்தைப் பார்க்க வைத்தது. 'பிகமிஸ்ட்'டுக்கு கேட் எலிங்கர். ரானி ஷைப் எழுதிய கட்டுரை புத்தகத்தில் இருக்கிறது, லுபினோவைப் பெரிய இயக்குநராக எடுத்துக்கொண்டு எழுதிய ஆரம்பகால விமர்சகர்களில் ஒருவர் அவர், கட்டுரையைப் படங்களுக்கு அப்புறம் படியுங்கள். லுபினோவின் வாழ்க்கை பற்றி ஒரு ஆவணப்படம் போட்டிருக்கலாம். தொலைக்காட்சிப் பக்கத்தைத் தொடவே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. கம்பெனி மூடிய பிறகு அவருக்குச் சோறு போட்டது டிவிதான், வெஸ்டர்ன், திகில், துப்பறியும் கதை, நகைச்சுவை என்று எதைக் கொடுத்தாலும் இயக்கினார். 'ட்வைலைட் ஸோன்' தொடரின் பழைய வரிசையில் ஒரு பகுதியை இயக்கிய ஒரே பெண் அவர். 1964-இல் வந்த அந்தப் பகுதியில் சாகக் கிடக்கும் பணக்காரக் கிழவர் தன் குடும்பத்தார் எல்லோரையும் நடுராத்திரி வரை முகமூடி போட்டுக்கொண்டு உட்கார வைப்பார். கட்டாயம் தேடிப் பாருங்கள், இருபத்தைந்து நிமிஷம்தான். செட்டில் அவருடைய நாற்காலியின் முதுகில் இயக்குநர் என்று எழுதியிருக்காது, 'எங்கள் எல்லோருக்கும் அம்மா' என்று இருக்கும். ஆண்களை அதிகாரம் செய்தால் முறைப்பார்கள் என்று அம்மா மாதிரி கெஞ்சிக் கேட்டே வேலை வாங்கியிருக்கிறார். சாமர்த்தியம்தான், ஆனால் அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டதை நினைத்தால் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகப் பகுதி (ரீஜன்) வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இது 'ஏ' ரீஜன் டிஸ்க். இந்தியா ப்ளூ-ரே கணக்கில் 'சி' ரீஜன். சாதாரணமாக இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் ஓடாது, எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும், அல்லது கணினியில் அதற்கான டிரைவும் மென்பொருளும் வேண்டும். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கும் சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை, அதெல்லாம் 'ஏ' ரீஜன்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து பெட்டி விலையை எங்கேயோ கொண்டுபோய்விடும். யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். தமிழ் சப்டைட்டில் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

காசு செலவு செய்ய மனசில்லை என்பவர்களுக்கு: 'ஹிட்ச்-ஹைக்கர்', 'பிகமிஸ்ட்' இரண்டும் அமெரிக்காவில் காப்புரிமை விட்டுப்போன படங்கள், அதனால் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும். பிரிண்ட் மோசமாக இருக்கும். முதலில் 'பிகமிஸ்ட்'டை அப்படிப் பாருங்கள், அது நிழலை நம்பாத படம், முகங்களை நம்புகிற படம், மங்கலிலும் தாக்குப்பிடிக்கும். பிடித்திருந்தால் பெட்டிக்குப் போங்கள். 'ஹிட்ச்-ஹைக்கர்' மட்டும் தயவுசெய்து நல்ல பிரதியில்.

கடைசியாக, பெட்டியில் இல்லாதவை. அந்தக் கம்பெனி காலத்தில் லுபினோ இயக்கிய 'அவுட்ரேஜ்' (1950), 'ஹார்ட், ஃபாஸ்ட் அண்ட் பியூட்டிஃபுல்' (1951) இரண்டும் இதில் கிடையாது, உரிமை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது டென்னிஸ் ஆடும் மகளும் பேராசை பிடித்த அம்மாவும், க்ளேர் ட்ரெவர் அம்மாவாகப் பின்னியிருப்பார். ஆனால் 'அவுட்ரேஜ்' இல்லாதது நிஜமாகவே பெரிய ஓட்டை. வேலை முடிந்து வரும் பெண்ணை ஒருவன் ஆளில்லாத ராத்திரித் தெருவில், லாரிகளுக்கு நடுவே துரத்துகிறான், ஒரு லாரி ஹாரன் நிற்காமல் அலறுகிறது, மேல்மாடியில் ஒருவர் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். நடந்தது என்ன என்பதற்கான வார்த்தையைக்கூட அன்றைய தணிக்கை அனுமதிக்கவில்லை, 'குற்றத் தாக்குதல்' என்று சுற்றி வளைத்துத்தான் பேசுகிறார்கள், அதற்குள்ளேயே அக்கம்பக்கத்தார் பார்வை, அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் பேச்சு, அவள் ஊரைவிட்டு ஓடுவது என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டார். 2020-இல் அதையும் தேசியப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டையும் சேர்த்து ஆறு படமாக யாராவது பெட்டி போட்டால், இதை யாருக்காவது விற்றுவிட்டு அதைத்தான் வாங்குவேன். அதுவரை இது என் அலமாரியில்தான் இருக்கும், கடன் கேட்காதீர்கள்.